காரத்தில் கிடந்த வார்

ஸ்கார்வே தீவு
17 செப்டம்பர் 1989

அன்புள்ள தங்கை சிக்னேவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி பழையபடிதான், அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். பேர்கனில் மழை விட்டதா, உன் இருமல் விட்டதா என்று எழுது. இரண்டும் விட்டிருக்காது என்று எனக்குத் தெரியும்.

மீனைக் காரத்தில் ஊறவைக்கும் லூத்தமீன் வேலை தொடங்கிவிட்டது. லோஃபோட்டனிலிருந்து காய்ந்த காட் மீன் வந்து இறங்கியிருக்கிறது. ஒன்றோடொன்று தட்டினால் விறகுச் சத்தம் கேட்கிறது, நல்ல சரக்கு. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோடாக் காரம், பிறகு மறுபடியும் தண்ணீர். கிறிஸ்துமஸ் வரைக்கும் என் கை விரல்கள் வழுவழுவென்றுதான் இருக்கும். காரம் எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு நகரத்தில் காகிதப் பட்டை விற்கிறார்கள். எனக்கு இரண்டு விரலே போதும். ஏழு வருடப் பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன்.

உன் மகன் யூஸ்தைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்காரன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாய். மீன் கூடையைத் தொட்டியிலிருந்து தூக்க நான் வாங்கி வைத்திருக்கும் மஞ்சள் வார் உனக்கு நினைவிருக்கும். குண்டு துளைக்காத சட்டைக்குப் போடும் அதே நூல். அது வந்த பிறகு மீனில் ஒரு துருப் புள்ளி கிடையாது. இரும்புச் சங்கிலிக் காலத்தில் எத்தனை பெட்டி திரும்பி வந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். வெயில் மட்டும் ஆகாது என்று கடைக்காரன் சொன்னான். ஆகவே அதை வெளியே கொண்டுபோவதே இல்லை. காரத் தொட்டி மூடிக்குக் கீழேயே, இருட்டில், தொங்கவிட்டிருக்கிறேன். சனிக்கிழமை தோறும் அடுப்பில் காரத்தைச் சுடவைத்து அதில் ஊறப்போட்டு எடுக்கிறேன். மீன் நாற்றம் ஒரு துளி இருக்காது. இவனுக்கு அது பிடிக்கவில்லை.

"மாமா, அந்த வார பச்சத் தண்ணில அலசிட்டு வலைக்கொட்டாய்ல காயப் போடலாமே? தொட்டா சொரசொரன்னு இருக்கு."

"வலைக்கொட்டாய்ல தெற்கு பாத்த ஜன்னல் இருக்குடா, புத்திசாலி. வெயில் பட்டா அதோட கதை முடிஞ்சுது."

"காரம் படலாமா?"

"உங்க பாட்டி சாம்பல் காரத்துல வெளுத்த போர்வைலதான் நான் இன்னைக்கும் தூங்கறேன். காரம் அழுக்கத்தான் தின்னும். துணிய தின்னாது."

வாரின் முனை கொஞ்சம் பிசிறு விட்டது. அதைத் தூண்டில் நரம்பால் இறுக்கிச் சுற்றிக் கட்டினான். இடது கைக்காரன் சுற்று, எல்லாம் எதிர்ப்பக்கமாகப் போகிறது, பார்க்க அவலட்சணம். பிசிறு நின்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரம் கண்ணில் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடி வேறு மாட்டிக்கொள்கிறான். "மூஞ்சில ஜன்னல மாட்டிக்கிட்டு மீன் பாக்கப் போறியா?" என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டியருகே மீன் கழுவும் மலேனாகூடச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்வெண்ட் காலம் தொடங்கும் முன் உன் மீன் பெட்டி வழக்கம்போல வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் ஹல்வார்


பேர்கன்
2 அக்டோபர் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டேன். மழையும் இருமலும் நீ சொன்னபடியே இருக்கின்றன. உன் முழங்காலைப் பற்றிக் கேட்காதே என்றால் இன்னும் அதிகமாகத்தான் கேட்பேன். அந்த எண்ணெயைத் தேய்த்தாயா இல்லையா?

போனில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். போனில் நீ ஒரு முறை இருமிவிட்டு வைத்துவிடுகிறாய். யூஸ்தைன் ஞாயிற்றுக்கிழமை பேசினான். வாரைப் பற்றித்தான். சத்தமாகச் சொல்லவில்லை, உனக்குத் தெரியும் அவனை. "அம்மா, மாமாகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். மூணாவது தடவ சொன்னா வீம்புக்காகவே அதையே கட்டுவாரு" என்றான். அண்ணா, புது வார் ஒன்று வாங்கிவிடேன். இல்லை பழைய சங்கிலியையாவது இந்தப் பருவத்துக்கு மாட்டு. துருப் புள்ளியை மலேனா கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவாள்.

கண்ணாடியைக் கேலி செய்யாதே. நீ சிரித்தால் அவன் கழற்றிவிடுவான். சின்ன வயதிலிருந்து நீ சிரிக்கக் கூடாது என்பதற்காக அவன் எத்தனை காரியம் செய்திருக்கிறான் என்று நீ எண்ணிப் பார்த்ததில்லை. அப்பா இல்லாத பையனுக்கு நீதானே ஆள்.

பெட்டிக்குக் காத்திருக்கிறேன். பட்டாணி மசியலும் உருக்கிய பன்றிக் கொழுப்புமாக அந்த மீனைச் சாப்பிட இந்த முறை நான்கு பேர் வருகிறார்கள்.

அன்புடன்,
சிக்னே


ஸ்கார்வே தீவு
12 நவம்பர் 1989

சிக்னே,

நீ ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உடம்புக்கு என்ன என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மலேனா போனில் உன்னிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது, அவள் அழுதுகொண்டே பேசினாள். நடந்தது இதுதான். காலையில் கூடையைக் காரத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்தோம். நான் பாரந்தூக்கியின் பொத்தானை அழுத்தினேன், அவன் கூடையைக் கையால் திருப்பினான். கூடை தொட்டி விளிம்புக்கு மேலே வந்தபோது வார் விட்டது. கூடை திரும்பத் தொட்டிக்குள் விழுந்து காரம் எழும்பி அவன் முகத்தில் அடித்தது. கண்ணாடி ஆணியில் மாட்டிக்கிடந்தது.

நான்தான் அவன் தலையைப் பிடித்துக் குழாய்க்குக் கீழே வைத்தேன். ஹெலிகாப்டர் இறங்கும்வரை தண்ணீரை நிறுத்தவில்லை. அவன் உதைத்தான், நான் விடவில்லை. இதை யாராவது உன்னிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆய்வாளர் மறுநாளே வந்துவிட்டார். தோல் பையோடு வந்த சின்னப் பையன், காரத்தைத் தொட்டுப் பார்க்கவே பயந்தான். வாரின் கண்ணி கொக்கியில் முறுக்கி உட்கார்ந்திருக்க வேண்டும், கோணலாக மாட்டினால் எடை ஒரு ஓரத்தில் விழும், அதுதான் நடந்திருக்கும் என்றேன். எழுதிக்கொண்டார். அறுந்த வாரைக் கேட்டார். தொட்டியைத் திறந்துவிட்டபோது கடலோடு போயிருக்கும் என்றேன்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுது.

ஹல்வார்


பேர்கன்
28 நவம்பர் 1989

அண்ணா,

எழுதத் தாமதம் ஆயிற்று. நலம் என்று எழுத ஒன்றும் இல்லை.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் வருகிறது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். கார நீர் கண்ணுக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்குமாம், அமிலத்தைவிடக் கெட்டதாம். நீ தண்ணீர் ஊற்றியதை டாக்டர் சொன்னார், நல்ல வேலை செய்தார் என்றார். அதையும் எழுதுகிறேன், நான் மறைக்கவில்லை.

ஆய்வாளர் இங்கேயும் வந்து கட்டிலருகில் நின்று கேட்டார். அவர் போனதும் யூஸ்தைன் என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, மாமா என்ன சொன்னாராம்? நான் கோணலா மாட்டினேன்னா?"

"தெரியலப்பா. எல்லாரும் தெரியலன்னுதான் சொல்றாங்க."

"இல்லம்மா. அந்த ஆய்வாளர் பேப்பர்ல படிச்சாரு. எனக்கு நெனவு வர மாட்டேங்குது. கண்ணிய கொக்கில போட்டேன், தட்டிப் பாத்தேன். தட்டிப் பாத்தேனா? தெனமும் தட்டுவேன். அன்னிக்குத் தட்டினேனா?"

அன்றிலிருந்து அதே கேள்விதான். காட்சி எதுவும் இல்லாத ஆளுக்கு உள்ளே ஓடுவது அந்த ஒரு காட்சிதான், அதுவும் தெளிவாக இல்லை. அண்ணா, அவன் வாரைப் பற்றி உன்னிடம் இரண்டு முறை சொன்னான். உனக்கு நான் கடிதமே எழுதினேன். கோணலாக மாட்டினான் என்பதை நீ கண்ணால் பார்த்தாயா? பார்த்தேன் என்று எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன். பார்க்கவில்லை என்றால் அதையும் எழுது. அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன். உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

சிக்னே


ஸ்கார்வே தீவு
10 டிசம்பர் 1989

சிக்னே,

உன் கடிதம் கிடைத்தது. நான் எழுந்து நடமாடுகிறேன். இங்கே பனி இல்லை, சேறுதான்.

பெட்டியை நேற்றுப் படகில் ஏற்றினேன். முதுகுப் பகுதி மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்குச் சாப்பிட மென்மையாக இருக்கும். அவன் வீட்டுக்கு வந்துவிட்டானாமே, மலேனா சொன்னாள். என்னிடம் அவள் இப்போது அவ்வளவுதான் பேசுகிறாள்.

வாரைச் செய்தவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். குண்டு தாங்கும் நூல் ஒரு மீன் கூடையைத் தாங்காதா? அவர்களுக்கு எழுதினேன். படித்தவர்கள் எழுதும் பதில் வந்தது, இரண்டு பக்கம், ஒரு வாக்கியமும் நேராக இல்லை. இந்தத் துறையில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதே வாரின் மிச்சச் சுருள் கூரைக்கடியில் இருந்தது. துண்டுகளாக வெட்டி ஒன்றை அலமாரியில் வைத்தேன், ஒன்றைத் தண்ணீரில், ஒன்றைக் காரத்தில் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஒவ்வொன்றிலும் வாளி கட்டிக் கல் போட்டுப் பார்ப்பேன். காரம் நூலைத் தின்னாது என்று நானே நிரூபித்துக் காட்டுகிறேன். பிறகு பேசட்டும் அவர்கள்.

நீ கேட்ட கேள்விக்கு அப்போது பதில் தெரியும்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாக அமையட்டும்.
ஹல்வார்


பேர்கன்
19 டிசம்பர் 1989

அண்ணா,

பெட்டி வந்தது. பிரிக்காமல் அடுத்த படகில் திருப்பி அனுப்பிவிட்டேன். வாசனை கூடத்துக்கு வந்ததும் யூஸ்தைன் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான். இந்த வீட்டில் இனி அது வேண்டாம்.

நம் அம்மா லூத்தமீன் பரிமாறும் நாளில் வெள்ளிக் கரண்டிகளைத் துணியில் சுற்றி மாடிக்கு அனுப்பிவிடுவாள், கறுத்துப் போகுமென்று. அந்த வீட்டில்தான் நீயும் சாப்பிட்டாய். கரண்டிக்கு அவ்வளவு யோசித்தார்கள்.

நீ பார்த்தாயா இல்லையா என்று கேட்டேன். நீ வாளியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

சிக்னே


ஸ்கார்வே தீவு
14 ஜனவரி 1990

சிக்னே,

குளிர் கடுமையாக இருக்கிறது. தொட்டி ஓரமெல்லாம் பனி உறைந்திருக்கிறது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

பெட்டி திரும்பி வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல மீன்.

வாளிச் சோதனையை நேற்று முடித்தேன். மலேனாவை அழைத்து நிற்க வைத்துத்தான் செய்தேன், பிறகு யாரும் ஹல்வார் கதை கட்டுகிறான் என்று சொல்லக் கூடாது. அலமாரித் துண்டு கல் நிறைந்த வாளியைத் தாங்கியது. தண்ணீர்த் துண்டும் தாங்கியது. காரத்தில் கிடந்த துண்டும் தாங்கியது! மூன்றும் ஒன்றுபோல. காரம் குற்றவாளி இல்லை என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு விற்ற வாரே மட்டமானது, அதைச் செய்தவர்கள்தான் பொறுப்பு. ஆய்வாளருக்கும் எழுதப் போகிறேன்.

மலேனாவுக்கு இது போதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பச்சக் காரத்துலதான போட்ட? ஐஸ் மாதிரி கெடக்கு அது."

"காரம்னா காரம்தான்."

"சனிக்கிழம சனிக்கிழம அடுப்புல வெச்சு ஆவி பறக்கப் போட்டியே, அது என்ன கணக்கு? அப்பறம் அலசாம அப்படியே தொங்க விடுவ. காஞ்சு, நனஞ்சு, காஞ்சு. மூணு வருஷம். அதையும் வாளில கட்டு ஹல்வார். விழுந்தா கால நகத்திக்க."

முப்பது வருடமாக எனக்குக் கீழே வேலை செய்கிறவள் பேசும் பேச்சா இது? போய் மீனைக் கழுவு என்று சொல்லி அனுப்பினேன்.

அடுப்பு இன்று காலியாகத்தான் இருக்கிறது.

ஹல்வார்


பேர்கன்
18 பிப்ரவரி 1990

அண்ணா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இத்தனை கோபத்திலும் தபால்காரர் வரும் நேரம் ஜன்னல் ஓரம் போய் நிற்கிறேன், அதற்காக என் மீதே எனக்கு எரிச்சல். உடம்பு சரியில்லையா? மலேனாவைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு, அடுப்பங்கரையவிட்டு வெளிய வர்றதில்ல" என்றாள்.

சுடவைத்த காரத்தில் போட்டாயா? என்ன ஆயிற்று?

யூஸ்தைனைப் பற்றி எழுதுகிறேன். நீ கேட்கவில்லை, எழுதுகிறேன். வீட்டுக்குள் தடுமாறாமல் நடக்கப் பழகிவிட்டான். படி, கதவு, காபிப் பாத்திரம் எல்லாம் கைக்குத் தெரியும். ஆனால் எதையும் தானாக மாட்டுவதில்லை, கட்டுவதில்லை, பூட்டுவதில்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான் போடாமல் நிற்கிறான். "நீயே போடேன்" என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். போன வாரம் கட்டாயப்படுத்தினேன். ஒரு பொத்தானைப் போட்டான்.

"சரியா இருக்காம்மா?"

"இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. முறுக்கிக்கல இல்ல?"

பொத்தான் எங்கே முறுக்கிக்கொள்ளும்? ஷூ நாடாவுக்கும் அதேதான். வாசல் தாழ்ப்பாளுக்கும் அதேதான். இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை. கண் போனதைத் தாங்கிவிடுவான் அண்ணா, பார்த்துக்கொண்டிருக்கிறேன், தாங்குகிறான். தன் கை தன்னைக் கெடுத்தது என்பதைத்தான் தாங்கவில்லை. அந்தக் கையை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க உலகத்தில் ஒரே ஆளால்தான் முடியும். அந்த ஆள் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

சிக்னே


ஸ்கார்வே தீவு
25 பிப்ரவரி 1990

சிக்னே,

நான் நலம். முழங்காலும் பரவாயில்லை, எண்ணெய் தேய்க்கிறேன்.

தென்மேற்குக் காற்று மூன்று நாளாக விடவில்லை. படகுத்துறைப் பலகை இரண்டு போய்விட்டது. நீர்நாய் ஒன்று கொட்டகைக்கு அடியில் குடி வந்திருக்கிறது, மீன் தலையெல்லாம் இழுத்துப் போகிறது. விரட்டவில்லை.

கூடைக்குப் பழைய சங்கிலியை மாட்டிவிட்டேன். மீனில் துருப் புள்ளி வருகிறது. கிறிஸ்தியான்சுன் நகரத்துக் கடையிலிருந்து இரண்டு பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். திருப்பட்டும்.

ஹல்வார்


ஸ்கார்வே தீவு
11 மார்ச் 1990

சிக்னே,

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு பொட்டலம் வருகிறது. திருப்பி அனுப்பாதே, மீன் இல்லை.

உள்ளே வார்த் துண்டுகள் மூன்று இருக்கின்றன. கம்பளி நூல் கட்டியது அலமாரியில் இருந்தது. சணல் கட்டியது தண்ணீரில் இருந்தது. நான் ஒன்றும் கட்டாதது காரத்தில் இருந்தது. கைக்கே தெரியும்படிதான் கட்டியிருக்கிறேன். யூஸ்தைன் கையில் கொடு. இழுத்துப் பார்க்கட்டும். நீ பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதே.

அவனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஹல்வார்


பேர்கன்
20 மார்ச் 1990

அண்ணா,

நீ சொன்னபடி பக்கத்தில் நிற்கவில்லை. சமையலறையில் நின்றேன், கதவு திறந்திருந்தது.

கம்பளி கட்டியதை இழுத்தான், நாற்காலியில் காலை ஊன்றி இழுத்தான், ஒன்றும் ஆகவில்லை. சணல் கட்டியதும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்தான். இழுக்கவேயில்லை. முதலில் விரலால் தடவினான், முனையிலிருந்து முனைவரைக்கும். பிறகு திரும்ப முனைக்கு வந்தான். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மா, இங்க வா. இது என்னன்னு பாரு."

தூண்டில் நரம்பு, இறுக்கிச் சுற்றியிருந்தது. எதிர்ப்பக்கமாக.

"இது நான் சுத்தினது."

"வேற யாராச்சும் சுத்தியிருக்கலாம்."

"தீவுல எடது கைக்காரன் நான் ஒருத்தன்தாம்மா. இது சோதனைக்கு வெட்டின துண்டு இல்ல. இதுதான் அந்த வார். கடலோட போச்சுன்னு சொன்னாரே, அதுதான் இது."

பிறகுதான் இழுத்தான். இழுத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. ரொட்டியைப் பிய்ப்பதுபோல இரண்டு விரலால் பிய்த்தான், வந்துவிட்டது. மடியெல்லாம் மஞ்சள் தூள். நரம்பு சுற்றிய இடம் மட்டும் கையில் வளையமாக நின்றது. அதை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தான். நான் அழுதேன், அவன் அழவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன்" என்றான். அதன் பிறகு, "நாலு மாசம்மா. நாலு மாசம் அவரு வீட்டுலயே இருந்திருக்கு" என்றான்.

அண்ணா, ஆய்வாளர் கேட்டபோது அது எங்கே இருந்தது? உன் சட்டைப் பையிலா? இவன் ராத்திரியும் பகலும் தட்டிப் பார்த்தேனா தட்டிப் பார்த்தேனா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, எந்த அலமாரியில் எந்தத் துணிக்குக் கீழே வைத்திருந்தாய்? கெடுத்தது காரம் என்று தெரியாமல் செய்தாய், அதை நான் ஒரு நாள் மன்னிப்பேன், வயதாகிவிட்டது நமக்கு. ஒளித்தாயே.

மூன்று துண்டு அனுப்பிவிட்டால் சொல்லிவிட்டதாக ஆகாது. ஆய்வாளருக்கு நீயே எழுது. வார் என்னிடம் இருந்தது, அது ஏற்கெனவே செத்துப்போனது, யூஸ்தைன் மேல் பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. உன் வாக்கை வைத்துத்தான் அவன் பெயரை அறிக்கையில் எழுதினார்கள். உன் வாக்கைக் கொண்டே அழிக்கட்டும்.

சிக்னே


ஸ்கார்வே தீவு
1 ஏப்ரல் 1990

சிக்னே,

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டாம் முறை படிக்கவில்லை.

நான் எழுத மாட்டேன். துண்டு உன்னிடம் இருக்கிறது. அனுப்ப வேண்டியவர்களுக்கு அனுப்பு, நான் தடுக்கவில்லை. அந்தத் தோல் பைப் பையன் கேள்வியோடு வந்தால் கதவைத் திறப்பேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன். நானாகப் போய் யார் கதவையும் தட்ட மாட்டேன். இந்த வயதில் என் கை அப்படி வளையாது. எங்கே இருந்தது என்று கேட்டாய். இருந்த இடத்தில் இருந்தது.

வெயில் ஆகாது என்று மட்டும்தான் கடைக்காரன் சொன்னான். அதை நான் ஒரு நாளும் மீறவில்லை. இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

காரத்தை அடுப்பில் வைப்பதை நிறுத்திவிட்டேன். மலேனா வேலையைவிட்டு நின்றுவிட்டாள், மகள் வீட்டுக்குப் போகிறாளாம். அடுத்த பருவம் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

அந்த நரம்பு மட்டும் காரத்தில் இரண்டு மாதம் கிடந்தும் விடவில்லை. நல்ல கட்டு.

யூஸ்தைன் யாரையும் கேட்காமல் சட்டைப் பொத்தான் போடுகிறானா? அதை மட்டும் எழுது.

ஹல்வார்


பேர்கன்
16 ஏப்ரல் 1990

மாமா,

அட்டையில் கோடாக வெட்டிய துளைக்குள் எழுதுகிறேன், வரி வளைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா எழுத மாட்டேன் என்றாள்.

அறுந்த வாரை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டேன். மஞ்சள் தூளையும் பொட்டலம் கட்டி வைத்தேன். நரம்பு வளையத்தைத் தரவில்லை, அது என்னுடையது. அவர் உங்களிடம் வருவார். கதவைத் திறப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். திறங்கள்.

சொரசொரப்பாக இருக்கிறது என்று நான் சொன்னபோது நீங்கள் ஒரே ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். காரத்தை விரலாலேயே அளப்பவர் நீங்கள்.

கண்ணாடியைக் கழற்றியது நான்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று கழற்றினேன். அதையும் ஆய்வாளருக்கு எழுதிவிட்டேன், மறைக்கவில்லை.

பொத்தானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்று காலை நானே போட்டேன், யாரையும் கேட்கவில்லை. வெளியே போய்விட்டு வந்த பிறகுதான் அம்மா சொன்னாள், மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கிறேனாம், தெருவே பார்த்திருக்கும். அது நான் செய்த தப்பு. அது மட்டும்.

கடிதத்தை முடிக்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்கிறாள் அம்மா. நான் கேட்கவில்லை.

யூஸ்தைன்